ஹாரன் அண்ணன் நின்றுகொண்டே போன பஸ்

டிப்போவில் அவருக்கு ஹாரன் அண்ணன் என்று பெயர். முன்னால் போகிற வண்டியின் பின்விளக்கு சிவந்தால் போதும், அது நிற்கிறதா நகர்கிறதா என்று பார்க்கமாட்டார். உள்ளங்கை ஹாரனில் போய் உட்கார்ந்துவிடும்.

பல வருஷம் ஓட்டை பஸ்ஸோடு மாரடித்தவருக்கு ஒருவழியாகப் புது பஸ் கிடைத்தது. திங்கட்கிழமை முதல் ஓட்டம். ஸ்டியரிங்கைத் தடவிப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தார். உட்காருகிற இடத்தில் கட்டி புறப்பட்டது.

"நான் போகலைன்னா சிரிப்பன் ஏறி உக்காந்துடுவான்டி" என்று மனைவியிடம் புலம்பினார். சிரிப்பன் என்பது அந்தப் பஸ்மேல் கண் வைத்திருந்த இன்னொரு டிரைவர்.

டாக்டரம்மா மாத்திரை கொடுத்தார். விழுங்கிய அன்றே கட்டி முன்னைவிடச் சிவந்து அனலாய்க் கொதித்தது. இஞ்சின் சூடேறினால் ஓரங்கட்டி அணைக்கவேண்டும் என்பது அவர் கற்ற தொழில். மாத்திரையை அணைத்துவிட்டார். எலுமிச்சங்காய் அளவு இருந்த கட்டி ஆரஞ்சுப் பழமானது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டைச் சமையல்மேடை ஓரமாக நின்றே முடித்தார். சாயங்காலம் மனைவி அவரை மறுபடியும் இழுத்துக்கொண்டு போனாள்.

"யாருங்க நிறுத்தச் சொன்னது?" என்றார் டாக்டரம்மா.

"சூடு ஏறுச்சும்மா."

"கிருமி சாகும்போது அதோட சுவர் துண்டு துண்டா உடைஞ்சு சிதறும். உங்க உடம்புல இருக்கிற காவல்காரங்களுக்கு அந்தத் துண்டு கண்ணுல பட்டாப் போதும். செத்ததா உயிரோட இருக்கான்னு விசாரிக்கமாட்டாங்க. ஊரையே கூப்பிட்டுடுவாங்க. அந்தக் கூட்டந்தான் வீக்கம், சூடு எல்லாம். மருந்து வேலை செய்யறப்பவும் மொதல்ல அப்படி ஆகலாம். நீங்க நடுவுல விட்டதுல மிச்சக் கிருமி பெருகிடுச்சு."

மனைவி நிமிர்ந்தாள். "சிவப்பைப் பாத்ததும் ஹாரன் அடிக்கிற புத்தி! இவரு ரத்தத்துக்கும் அதே புத்திதான் டாக்டர்."

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு கட்டியைக் கீறிச் சீழை எடுத்தார். மாத்திரையை முழுசாக முடிக்கவேண்டும். ஒரு வாரம் ஸ்டியரிங் பக்கமே போகக்கூடாது என்றார்.

திங்கட்கிழமை புது பஸ் கிளம்பியது. ஓட்டியவன் சிரிப்பன். மனசு கேட்காமல் ஹாரன் அண்ணனும் டிக்கெட் எடுத்து ஏறி, கம்பியைப் பிடித்தபடி நின்றார். பாதி சீட் காலி.

"இங்க உக்காருங்களேன், அண்ணே" என்று ஒரு பெண் நகர்ந்தாள்.

"வேணாம்மா, நான் இந்த பஸ் டிரைவர்."

அவள் முன்பக்கம் பார்த்தாள், இவரைப் பார்த்தாள், பையை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

முன்னால் ஒரு லாரியின் பின்விளக்கு சிவந்தது. சிரிப்பன் பேசாமல் வேகத்தைக் குறைத்தான்.

"அடிடா ஹாரனை!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் பஸ்ஸையே அதிரவைத்தது.