நடுத்துண்டு வரும்வரை

அந்தப் பாட்டை ஒரு சொல்தா வீட்டு இசைத்தட்டில் கேட்டேன். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்போம். அவர் இறந்துவிட்டார். வியட்நாமில், சைகோனில் அவர் கட்டிக்கொண்டு வந்த மனைவி மகளோடு வில்லியனூரில் இருந்தார். நான் ஆறாவதோடு பள்ளியை விட்டு, லாரி, செங்கல் சூளை என்று சுற்றி, அப்போது ஒரு பேண்டு செட்டில் டிரம்பெட் ஊதிக்கொண்டிருந்தேன்.

"எம்மவ கார்ல இருந்து எறங்கும்போது இதை முழுசா வாசிக்கணும்பா. அவங்கப்பா கைபிடிச்சி எறக்குற மாதிரி" என்றார் அந்த அம்மா, மகள் கல்யாணத்துக்கு எங்கள் செட்டைப் பேசியபோது.

அமெரிக்காவில் யாரோ ஒரு மேடை நாடகத்துக்குப் போட்ட பாட்டாம். நாடகம் ஓடவில்லை. பாட்டை மட்டும் ஓட்டல் பேண்டுக்காரர்கள் எடுத்துக்கொண்டு, ஆளுக்கொரு விதமாக வாசித்து, சைகோன் வரை கொண்டுவந்துவிட்டார்கள். அங்கே ஒரு ஓட்டலில் இந்தப் பாட்டுக்குத்தான் சொல்தாவும் அந்த அம்மாவும் சேர்ந்து ஆடினார்களாம்.

எட்டு தாளக்கட்டுக்கு ஒரு மெட்டு. மறுபடியும் அதே மெட்டு. பிறகு வேறாக ஒரு நடுத்துண்டு. கடைசியில் முதல் மெட்டே திரும்ப வரும். நம் பல்லவி மாதிரி இஷ்டத்துக்குச் சுற்ற முடியாது. முதல் மெட்டு அழுகிற மாதிரி இருக்கும். நடுத்துண்டில்தான் நிமிரும்.

கரையாம்புத்தூரில் பெண் அழைப்பு. கார் கதவு திறந்தது, ஊதத் தொடங்கினோம். முதல் எட்டு முடிவதற்குள் மாப்பிள்ளையின் மாமா பாய்ந்து வந்தார்.

"நிறுத்துங்கடா! பொண்ணு எறங்குற நேரத்துல இன்னாடா சாவு மெட்டு? போன வாரம் அரியூர்ல பொணத்துக்கு முன்னாடி ஊதுனவனுங்கதானே நீங்க?"

"சட்டையக்கூட மாத்தல மாமா" என்றான் ஒருவன். கூட்டம் சிரித்தது. பெண் ஒரு காலை வெளியே வைத்தபடி அப்படியே நின்றுவிட்டாள்.

எங்கள் பேண்டு மாஸ்டர் வாயிலிருந்து கிளாரினெட்டை எடுத்தார். "நடுவுக்குப் போடா!"

தாவ முடியாது. டிரம்காரர் எண்ணிக்கை வைத்து அடிக்கிறவர். நான் தாவினால் அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இரண்டாம் முறையும் அந்த அழுகை மெட்டையே ஊதினேன். மாமா டிரம்பெட்டின் வாயைப் பிடிக்க வந்தார். பின்னோக்கி நடந்துகொண்டே ஊதினேன். கார் கதவைச் சாத்த ஒருவன் கை வைத்துவிட்டான்.

நடுத்துண்டு வந்தது. மாமாவின் கை அந்தரத்தில் நின்றது.

"இப்பத்தான் கல்யாணம் மாதிரி கீது" என்று ஒருத்தி ஆரத்தித் தட்டைத் தூக்கினாள். பெண் இறங்கினாள்.

இதையே திரும்ப வாசி என்று மாஸ்டர் விரலைச் சுற்றிக் காட்டினார். அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் எட்டு பாக்கி என்று அவருக்குத் தெரியும்.

முதல் மெட்டுக்கே போனேன். டிரம்காரரும் கூடவே வந்தார். மாமா மறுபடி திரும்பினார். அதற்குள் ஆரத்தி சுற்ற ஆரம்பித்திருந்தார்கள். அதை நடுவில் நிறுத்த அவராலும் முடியாது. ஆரத்தி முடிந்ததும் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மா அவரைத் தாண்டி நடந்தார். வாசலுக்கு அவர்கள் போய்ச் சேரும்போது கடைசிச் சுரத்தை ஊதி முடித்தேன்.

"எம்பேச்ச கேக்காதவனுக்கு எஞ்செட்டுல எடமில்ல" என்றார் மாஸ்டர்.

காலையில் செட்டின் சிவப்புச் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு கடலூர் பஸ் ஏறினேன். டிரம்பெட்டும் அவருடையதுதான்.