அம்மா ஏற மறுத்த கார்

வெயிலில் நின்ற காரின் பின்கதவைத் திறந்தால் முதலில் சூடான ரெக்சின் மணம் வரும், பிறகு பெற்றோல் மணம், இரண்டும் சற்று அடங்கியதும் எங்கிருந்து வருகிறதென்று சொல்ல முடியாதபடி மெல்லிய அத்தர் மணம். அப்பா அந்தக் காரைப் பாலையூற்றிலிருந்து ஓட்டிவந்து எங்கள் வேலியோர வேம்பின் கீழ் நிறுத்திய அன்று, நானும் தம்பியும் மாறி மாறிப் பின்சீற்றில் முகத்தைப் பதித்து அதை மணந்து பார்த்தோம். துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்த அப்பாவுக்குக் கார் என்பது பல வருட ஆசை. வெள்ளைக்காரரின் கடற்படை திருகோணமலையை விட்டுப் போய்ப் பத்து வருடமாகியும் அவர்கள் விட்டுச்சென்ற கதிரைகளும் அலுமாரிகளும் ஊருக்குள் கைமாறிக்கொண்டே இருந்த காலம் அது; இந்தக் கறுப்புக் காரும் அப்படிக் கைமாறி வந்ததுதான்.

தெருவே வந்து பார்த்தது. பக்கத்து வீட்டு மாமியும் வந்தார். பின்கதவுக்குள் தலையை நீட்டியவர் சேலைத்தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“இது ‘சவக்கார்’ எல்லோ! பிரேதத்துக்குப் பூசின அத்தர் மணம் இன்னும் போகேல்ல. இஞ்ச பாருங்கோ, கதவில நகக்கீறல்.”

பின்கதவின் உட்புறத்தில் கீறல்கள் உண்மையாகவே இருந்தன. பிரேதம் எப்படிக் கீறும் என்று நான் கேட்டேன். அம்மா என் தலையில் ஒரு குட்டு வைத்தார்.

அன்றிலிருந்து அம்மா அந்தக் காரில் ஏறவில்லை. நிலாவெளியில் ஒரு கலியாணத்துக்கு அப்பாவும் தம்பியும் நானும் காரில் போக, அம்மா பட்டுச்சேலையோடு பஸ்ஸில் நின்றபடி வந்து, தலையெல்லாம் புழுதியாக இறங்கினார். சொந்தக்காரர் எல்லோரும் அப்பாவைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. அதன்பின் வீட்டில் அம்மாவும் அப்பாவும் பேசுவது எங்கள் மூலமாகத்தான் என்றாகிவிட்டது. “கொப்பாவைச் சாப்பிட வரச்சொல்லு” என்பார் அம்மா, மூன்றடி தூரத்தில் நிற்கும் அப்பாவுக்குக் கேட்கும்படியாக.

“இது ஆர் ஆரிட்ட இருந்த காரெண்டு நான் விசாரிச்சுக்கொண்டு வாறன்,” என்றார் அப்பா ஒருநாள். “சவம் ஏத்தேல்ல எண்டு அறிஞ்சால் ஏறுவீரோ?”

“அறிஞ்சுகொண்டு வாங்கோவன், பாப்பம்,” என்றார் அம்மா. நெடுநாளைக்குப் பிறகு அவர் அப்பாவிடம் நேரே சொன்ன வார்த்தை அது.

தம்பிக்குக் காய்ச்சல் என்பதால் நான் மட்டும் அப்பாவோடு போனேன். காரை எங்களுக்கு விற்றவர் பாலையூற்றில் இருந்த ஓய்வுபெற்ற வாத்தியார். கதையைக் கேட்டதும் அவர் வாய்விட்டுச் சிரித்தார். “சவக்காரோ! ஏழு வருசம் என்ர பிள்ளையளை அதிலதான் பள்ளிக்கூடம் கொண்டு போனனான்.” கிண்ணியாவில் கடை வைத்திருந்த ஒரு முதலாளியிடம் அதை வாங்கியதாகச் சொன்னார். நாங்கள் படலையைத் தாண்டும்போது அவர் பின்னால் வந்து, குரலைத் தாழ்த்தி, “ஆனா வித்த அண்டைக்கு அந்த மனுசன் அழுதது. ஏனெண்டு நான் கேக்கேல்ல,” என்றார்.

அப்போது கிண்ணியாவுக்குப் பாலம் இல்லை, ‘பாதை’தான். வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றிக் கடல் ஒடுங்கும் அந்தக் கழுத்தைக் கடக்கும் மிதவையை நாங்கள் அப்படித்தான் சொல்லுவோம். அது அக்கரையில் நின்றால் இக்கரையில் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில் கச்சான் கடலை விற்பவர், கோழிக்கூடையோடு நிற்பவர், ஆஸ்பத்திரிக்குப் போய் வருபவர் என்று எல்லோரும் ஒருவர் கதையை ஒருவர் அறிந்துகொள்ளுவார்கள். காரைப் பலகையில் ஏற்றும்போது அப்பா பிரேக்கை விட்டு விட்டு மிதித்தார். எனக்கோ கப்பலில் போகிற சந்தோசம்.

முதலாளியின் வீடு துறையடிக்குக் கிட்டத்தான் இருந்தது. காரின் சத்தம் கேட்டு வெளியே வந்த அவர் எங்களைப் பார்க்கவில்லை, காரைத்தான் பார்த்தார். அதைச் சுற்றி ஒருமுறை நடந்து, பின்கதவின் பிடியில் கையை வைத்து, திறக்காமலே எடுத்துக்கொண்டார். பிறகுதான் “வாங்க, வாங்க, உள்ளுக்கு வாங்க,” என்றார். வெள்ளைத் தாடி, மெல்லிய உடம்பு. என் வயதுள்ள ஒரு பெண் பிள்ளை தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவு நிலையோடு சாய்ந்து நின்றாள். அவருடைய ஒரே மகள், பெயர் நசீமா.

அப்பா வந்த காரணத்தைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். முதலாளிக்கும் சிரிப்பு வந்தது.

“கீறினது நாய், தம்பி. வெள்ளைக்காரத் துரை ஒருத்தர்ர கார் அது. அவர்ர நாய் பின்னுக்குத்தான் இருந்து போகும். அத்தர் மணமோ? கடைக்குச் சாமான் ஏத்தி வரக்குள்ள ஒருக்கா அத்தர்ப் பெட்டி உடைஞ்சு சீற்றெல்லாம் ஊறிப் போச்சி.”

அப்பா பெரிதாக மூச்சுவிட்டுக் கதிரையில் சாய்ந்தார். “அப்ப, சவம் ஏத்தின கார் இல்லையெண்டு வீட்டில சொல்லலாம்.”

முதலாளி குடித்த கோப்பையைக் கீழே வைத்தார்.

“பொய் சொல்ல ஏலாது, தம்பி. ஒருக்கா ஏத்தினன். என்ர மனுசிய.”

பிள்ளைப்பேற்றுக்கு வலி கண்டு, மருத்துவிச்சியையும் ஏற்றிக்கொண்டு திருகோணமலை ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டிருக்கிறார்கள். வாடைக்காற்று அடித்த நாள். பாதை அக்கரையில் நின்றது. “இக்கரையில நிண்டு கத்திக் கத்தி என்ர குரல் போச்சி. காத்துக்கு அவங்களால பாதைய இழுக்க ஏலாமப் போச்சி. புள்ள காருக்குள்ளயே பொறந்திச்சு. பாதை வந்து சேரக்குள்ள அவ மௌத்தாப் போனா. அதே காரிலதான் வீட்ட திருப்பிக் கொண்டு வந்தன்.” பிறகு அந்தக் காரை ஓட்டவும் முடியாமல், விற்கவும் மனம் வராமல் இரண்டு வருடம் நிறுத்தி வைத்திருந்து, குழந்தையை வளர்த்த தன் தங்கையின் வற்புறுத்தலால்தான் விற்றாராம்.

கதவுநிலையைப் பார்த்தேன். நசீமா அங்கே இல்லை. உம்மா ஆஸ்பத்திரியில் இறந்ததாகத்தான் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள் என்பது எனக்குப் பின்னால் தெரியவந்தது. நாங்கள் வெளியே வந்தபோது அவள் காரின் பின்சீற்றில் நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

“வாப்பா, உம்மா எந்தப் பக்கம் இருந்தா?”

முதலாளி இடது பக்கத்தைக் கையால் காட்டினார். நசீமா நகர்ந்து, அந்தக் கதவோடு ஒட்டி, கால்களை மேலே தூக்கிவைத்து உட்கார்ந்தாள். யாரும் சொல்லாமலே நான் ஏறி அவள் பக்கத்தில் இருந்தேன். எவ்வளவு நேரம் அப்படி இருந்தோமோ தெரியாது. ஆண்கள் இருவரும் வெயிலில் நின்றார்கள்.

திரும்பும் வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை: நாயையும் அத்தரையும் மட்டும் சொல்லிவிட்டால் போதும், அம்மா ஏறிவிடுவார். வீட்டுக்குக் கிட்ட வந்ததும் காரை நிறுத்தி, “நீ ஒண்டும் கதைக்காத, நான் சொல்றன்,” என்றார். அவர் பாதிக் கதையைத்தான் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். ஆனால் குசினி வாசலில் நின்று, அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் ஒன்றையும் விடாமல் சொன்னார். “மாமி சொன்னது பிழையில்ல. வேணுமெண்டால் வித்திடுறன்.”

அம்மா சுளகைக் கீழே வைத்தார்.

“அந்தப் பிள்ளைக்கு என்ன வயசு?”

“இவளின்ர வயசுதான்,” என்று அப்பா என்னைக் காட்டினார்.

“ஆர் தலை இழுத்துப் பின்னி விடுறது?”

“தகப்பன்ர தங்கச்சி, மாமிக்காரி இருக்கிறா.”

அம்மா கொஞ்சநேரம் முற்றத்துக் காரையே பார்த்துக்கொண்டிருந்தார். “வாற ஞாயிற்றுக்கிழமை போவம்,” என்றார். “பயித்தம் பணியாரம் சுடவேணும். பயறு வாங்கிக்கொண்டு வாங்கோ.”

ஞாயிறன்று பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டிருக்க, அம்மா காரின் முன்பக்கம் திருநீறு பூசிவிட்டு, இடது பின்கதவைத் தானே திறந்து ஏறினார். பாதையில் கண்களை மூடிக்கொண்டிருந்தார். கிண்ணியாவில் இறங்கியதும் நசீமாவைக் கிட்டக் கூப்பிட்டு, ஒன்றும் கேட்காமல், அவளுடைய பின்னலை அவிழ்த்துத் திரும்பப் பின்னிவிட்டார். அதற்குப் பிறகு பள்ளிக்கூட விடுமுறை என்றால் ஒன்றில் அவள் எங்கள் வீட்டில், இல்லாவிட்டால் நான் அவள் வீட்டில். அழைத்துப்போக அந்தக் கார்தான் வரும்.

எழுபதுகளின் கடைசியில் எஞ்சின் நின்றுபோனது. சல்லிக் கிராமத்து ஒருவர் கழற்றக்கூடியதைக் கழற்றிக்கொண்டு போக, வெறும் கூடு வேம்பின் கீழ் நின்றது. பின்னொரு காலத்தில் சண்டை தொடங்கி நாங்கள் வீட்டை விட்டு ஓடி, வருடங்கள் கழித்துத் திரும்பியபோது கூடும் இல்லை, வேம்பும் இல்லை. முதலாளியும் அப்பாவும் அம்மாவும் ஒருவர்பின் ஒருவராகப் போய்விட்டார்கள். அந்தக் காரின் ஒரு படம்கூட நசீமாவிடமும் இல்லை, என்னிடமும் இல்லை.

இப்போது கிண்ணியாவுக்குப் பாலம் இருக்கிறது. ஒரு கதை சொல்லி முடிப்பதற்குள் ஓட்டோ அக்கரைக்குப் போய்விடுகிறது. போன மாதம் நானும் நசீமாவும் அப்படித்தான் போனோம். அவளுக்குப் பேரப்பிள்ளை பிறந்திருந்தது, திருகோணமலை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்துகொண்டிருந்தோம். பழைய துறையடி இருந்த பக்கம் கண்ணில் பட்டதும், காத்திருந்த சனமும் கச்சான் மணமும் பலகையில் கார் ஏறும் சத்தமும் எனக்குள் வந்து, அந்த நாட்கள் எவ்வளவு நல்லவை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நசீமா, தண்ணீரைப் பார்த்தபடி, “இந்தப் பாலம் அப்பவே இருந்திருந்தா…” என்றாள்.

நான் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.