ஏழு பேருக்குச் சிவப்பு

குருவிநத்தத்தில் அந்த ஆவணி மாதம் ஏழு பெண்களுக்குச் சிறுநீர் சிவப்பாகப் போனது. ஆறு பேருக்கு நீர்க்கடுப்பு இருந்தது. ஏழாவது ஆள் நான். எனக்கு ஒரு நோயும் இல்லை.

பாகூர் மருந்துச்சாலையில் மாத்திரை வாங்கியது என் அண்ணி மட்டும்தான். அவளுக்கு ஐந்தாம் மாதம். முந்தைய வருஷம் இதே கடுப்பு காய்ச்சலில் முடிந்து, ஆறாம் மாதத்தில் பிள்ளை தங்காமல் போயிருந்தது. அதனால் இந்த முறை எரிச்சல் தொடங்கியதுமே அண்ணன் வண்டியைப் பூட்டினார். துணைக்கு நான் போனேன்.

பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலம் அது. டாக்டர், பிரான்சிலிருந்து கப்பலில் வந்த புதுச் சிவப்பு மாத்திரை இருபத்தொன்றை எண்ணிக் கொடுத்தார். நாளுக்கு மூன்று, ஏழு நாள். சரியாகிவிட்டாலும் நிறுத்தக் கூடாது. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் அண்ணி தலையாட்டினாள். நானும் ஆட்டினேன்.

மறுநாள் விடிகாலையில் கரும்புக் கொல்லைக்குப் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது.

"பாப்பா! ஓடியா! மருதாணி கரைச்சி ஊத்தின மாதிரி போவுதுடி!"

"ரத்தமா அண்ணி?"

"நோவே இல்லன்றேன்!"

இரண்டாம் நாள் எரிச்சல் நின்றது. எங்களோடு நாற்று நடும் நடவு செட்டுப் பெண்கள் ஐவரும் கூடித் தீர்ப்புச் சொன்னார்கள்: உடம்புச் சூடுதான் சிவப்பாக இறங்கிவிட்டது. அவர்களில் ஒருத்தியான பக்கத்து வீட்டு அக்கா கையை நீட்டினாள். "அதான் வெளிய வந்துடுச்சே, இன்னும் இன்னாத்துக்கு முழுங்கற? எனக்குக் குடுடி. நாலு மாசமா சுருக்கு சுருக்குனு குத்துது."

ஐந்து பேருக்கும் குத்தியது. விடிந்து சேற்றில் இறங்கினால் இருட்டும்வரை யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் போக வேண்டும். வரப்பெல்லாம் ஆண்கள் நிற்கும்போது எங்கே போவது?

அண்ணி ஐந்து விழுங்கியிருந்தாள். பதினாறு மிச்சம். ஆளுக்கு மூன்றாக வெற்றிலையில் வைத்துப் பங்கு போட்டது நான்தான். மீந்த ஒன்றை, கலர் பார்க்கும் ஆசையில், நானே விழுங்கினேன்.

அடுத்த இரண்டு நாள் நடவு நடந்தது என்று சொல்ல முடியாது.

"உன்னுது இன்னா கலருடி?"

"கோயில் செவுத்துக் காவி."

"எனக்கு வெத்தல எச்சி. உனக்கு மூணு குடுத்துட்டு எனக்கு ரெண்டரை குடுத்தாளோ?"

நாற்று முடி கையிலிருந்து நழுவச் சிரித்தோம். அக்கா சேற்றில் உட்கார்ந்தேவிட்டாள்.

மாத்திரை வாங்கிய பன்னிரண்டாம் நாள் அண்ணிக்குக் குளிரும் காய்ச்சலும் வந்தன. அக்கா கடுகு டப்பாவில் பதுக்கியிருந்த இரண்டு மாத்திரையைக் கொண்டுவந்து கொடுத்தாள். சிவப்பு வந்தது. காய்ச்சல் போகவில்லை. மறுபடி பாகூருக்குப் போன வண்டியில் அண்ணி வயிற்றை இரண்டு கையாலும் பிடித்தபடி வந்தாள்.

"எத்தனை சாப்பிட்டேம்மா?" என்றார் டாக்டர். அண்ணி என்னைப் பார்த்தாள்.

"முதல்ல அஞ்சு. இப்ப ரெண்டு" என்றேன்.

"மிச்சம்?"

"ஊர்ல எல்லாருக்கும்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "பாதி அடி வாங்கின கிருமி சாவாதும்மா, மருந்தப் பழகிக்கும். இனிமே இந்த மாத்திரை அதுக்கு முறுக்கு மாதிரி." வேறொரு மருந்தை எடுத்தார், வெள்ளைத் தூள், பொட்டலம் பொட்டலமாக, பத்து நாளுக்கு. "இதுல கலர் வராது. கலரப் பார்க்காதே, நாள் கணக்கப் பாரு. தண்ணி குடி."

அண்ணி நடுங்கிக்கொண்டே கேட்டாள்: "குடிச்சிட்டு எங்கங்க போறது? நீங்களே சொல்லுங்க."

டாக்டர் குனிந்து சீட்டில் ஏதோ எழுதினார்.

பதில் சொன்னது நடவு செட்டு. மறுநாள் காலை ஐந்து பேரும் வயலுக்குப் போகாமல் எங்கள் வீட்டுக் கொல்லையில் நான்கு சவுக்குக் கழி நட்டு, தென்னங்கீற்று கட்டினார்கள். மதியத்துக்குள் மறைப்பு நின்றது.

அண்ணன் சுற்றிப் பார்த்தார். "இன்னாது இது, கோழிக் கூண்டா?"

"ராணி அரமனை. ஆம்பளைங்க அந்தாண்ட போங்க" என்றாள் அக்கா.

பிறகு முறை வைத்துக்கொண்டு, வேளைக்கு ஒருத்தி சொம்புத் தண்ணீரோடு வந்து அண்ணி எதிரில் நின்றாள். ஒருத்தி மட்டும் "எனக்கு ஒரே ஒரு பொட்டலம்..." என்று ஆரம்பித்தாள். மற்ற நால்வரும் அவளைத் தெருமுனைவரை துரத்தினார்கள். நான்காம் நாள் காய்ச்சல் விட்டது கேட்டு ஐந்து பேரும் கூடிவிட்டார்கள். "அதான் சரியாப் போச்சே" என்று அண்ணி பொட்டலத்தை மடித்தாள். "முழுங்குடி!" என்று ஐந்து குரல் ஒன்றாகக் கேட்டது. ஆறாவது குரல் என்னுடையது. பத்து நாளும் முடிந்தன.

ஐப்பசியில் ஏழாம் மாதம். முதல் தடவையாக அந்த மாதத்தை எட்டியிருந்தாள், வளையல் போட்டோம். இரண்டு கையும் நிறைந்துகொண்டிருந்தபோது எழுந்தாள். "இருங்கடி, வந்துடறேன்." பட்டப்பகலில், கூட்டத்துக்கு நடுவே நடந்து மறைப்புக்குள் போனாள். கீற்றுக்குப் பின்னால் கண்ணாடி வளையல் குலுங்கியது.

அக்கா கத்தினாள்: "இன்னா கலருடி?"

"தண்ணி கலருதான், போடி!"

தையில் பெண் குழந்தை பிறந்தது. அதற்குள் மறைப்புக்கு இரண்டு தடவை கீற்று மாற்றியாயிற்று. நடவு செட்டுப் பெண்கள் ஐவரும் அங்கேதான் வந்துபோய்க்கொண்டிருந்தார்கள்.