பீப் சத்தம் வரவில்லை

எனக்குக் கரண்ட் என்றால் பயம். பல்பு மாற்றவே ரப்பர் செருப்பைத் தேடுகிற ஆள் நான். குளித்துவிட்டு வந்த மனைவி, "குழாயைத் தொட்டா சுருக்குன்னு கடிக்குதுங்க" என்றதும் அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

எலெக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டேன். "தாம்பரத்துல வேல நடந்துகினு கீது சார், திங்கக்கெழமதான் வருவேன். எர்த்து கட்டாயிருக்கும், கசியிற கரண்டு மண்ணுக்கு எறங்காது. அதுவரிக்கும் கீஸரைப் போடாத," என்றார். அன்று வெள்ளிக்கிழமை. மூன்று நாள் பயந்து சாவதைவிட நானே பார்த்துவிடலாம் என்று தோன்றியது. பயந்தாங்கொள்ளிகளுக்கு இப்படி அசட்டுத் துணிச்சல் அவ்வப்போது வரும்.

ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு சோதனை மீட்டர், கவ்விப் பிடிக்கும் கிளிப் இரண்டு, மூன்றாவது மாடியில் இருக்கும் எங்கள் வீடுவரை எட்டும் ஒயர், துரு சுரண்ட உப்புத்தாள் எல்லாம் வாங்கி வந்தேன். சாப்பாட்டு மேஜையில் ஒயரைச் சீவி, கிளிப்பில் முறுக்கி, மீட்டரோடு சேர்த்தேன். இரு முனையையும் தொடவைத்தால் 'பீப்' என்றது. இடையில் எங்காவது அறுந்திருந்தால் சத்தம் வராது. அவ்வளவுதான் விஷயம்.

மறுநாள் காலை எங்கள் வீட்டு மெயினை அணைத்துவிட்டு, கீழே சம்ப் தொட்டி ஓரம் மண்ணுக்குள் இறங்கும் பழைய இரும்புக் குழாயைச் சுரண்டி ஒரு கிளிப்பை மாட்டினேன். மேலே மனைவி மீட்டரின் மறுமுனையைக் கீஸர் பிளக் பாயிண்டின் எர்த் துளையில் வைத்தாள்.

"வரலைங்க," என்றாள் போனில்.

"நல்லா அழுத்து."

"அழுத்தித்தான் வெச்சிருக்கேன். வரலை."

கிளிப்பைக் கீழேயே இருந்த ஈ.பி. மீட்டர் பலகையின் எர்த் திருகுக்கு மாற்றினேன். உடனே போனில் பீப். அப்படியென்றால் பலகைவரை சரி, அதற்குக் கீழேதான் அறுந்திருக்கிறது. எங்கள் குடியிருப்பின் எட்டு வீட்டு எர்த்தும் சேர்ந்து இறங்கும் தடித்த ஒயரைக் கண்ணால் பிடித்துக்கொண்டே போனேன். அது தண்ணீர்க் குழாயில் இறுக்கிக் கட்டியிருந்தது. அந்தக் காலத்தில் கட்டியவர்கள் அப்படித்தான் செய்தார்கள். கட்டியிருந்த இடத்தில் முழ நீளம் இரும்பு. அதற்கு மேலும் கீழும் கரண்ட் போகாத பிளாஸ்டிக்.

உப்புத் தண்ணீரில் இரும்பு அரித்துப்போகிறது என்று கூட்டம் போட்டுப் பேசி, போன மாதம் பிளாஸ்டிக் குழாய் மாற்றியது செகரட்டரியான நான்தான். முதல் தண்ணீர் வந்ததும் கற்பூரம் காட்டித் தேங்காய்கூட உடைத்தேன். சொந்தக் காசில் எனக்கு மட்டுமல்ல, எட்டு வீட்டுக்கும் சேர்த்துச் சூனியம் வைத்திருந்தேன். எவர் கீஸரில் கசிந்தாலும் மண்ணுக்குப் போக வழியில்லை, எல்லார் வீட்டுக்கும் ஏறும்.

அப்போது முதல் மாடி பாட்டு டீச்சர் மாமியின் குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"மாமி! குழாயைத் தொடாதீங்கோ!" என்று கத்திக்கொண்டே எட்டு மெயினையும் இழுத்து அணைத்தேன். கட்டடமே நின்றுபோனது. தண்ணீர்ச் சத்தமும் நின்றது. முதல் மாடிக்கு ஓடினேன். படியேறிய அந்த நேரத்தில் நான் எந்தச் சாமியைக் கூப்பிட்டேன் என்று நினைவில்லை.

கதவு திறந்தது. தலையில் ஈரத் துண்டோடு மாமி நின்றார். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன்.

"கரண்டா அது?" என்று வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மூணு வாரமா சுருக்கு சுருக்குன்னுது. நரம்புதான் தளர்ந்துபோச்சுன்னு டாக்டர்ட்ட காமிச்சு மாத்திரை சாப்பிட்டுண்டிருக்கேன். இனிமே தம்புரா மீட்ட முடியாதோன்னு தினம் அழுதேன்."