வலை விற்க ஒரு பேட்டி

ஒலிபெருக்கியைக் கண்டாலே இன்பமணி பத்தடி தள்ளி நிற்பாள். அப்படிப்பட்டவளைத்தான் தூத்துக்குடி வலைக் கம்பெனி 1973-இல் பேட்டி எடுக்க அனுப்பியது. நைலான் வலை வாங்கியவர்களை ஊர் நடுவே மைக்கில் பேசவைத்தால், கேட்கிறவர்களும் வாங்குவார்களாம். யோசனை மெட்ராஸ் மேனேஜருடையது. அவதி மட்டும் இவளுடையது.

அன்று ஆலந்தலை என்ற மீனவர் ஊரில் நடந்த பேட்டிக்கு மேனேஜரே நேரில் வந்திருந்தார். அவருக்குப் பிடித்தால் இன்பமணியின் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் சாத்தான்குளத்துக்குத் திரும்பி, அண்ணன் வீட்டு அடுப்பங்கரையில் அண்ணி முகத்தைப் பார்த்துக் காலம் தள்ள வேண்டும். அதை நினைத்தாலே அவளுக்குச் சோறு இறங்காது.

சும்மா சொல்லக்கூடாது, மூன்று நாள் மாங்கு மாங்கென்று தயார் செய்தாள். பத்துக் கேள்வி எழுதினாள். வலை வாங்கிய மீன்பிடி வள்ளக்காரரின் மனைவி இசபெல்லாவுக்குப் பதிலையும் எழுதிக் கொடுத்து ஒப்பிக்க வைத்தாள். "மிகுந்த பயன் அடைந்தோம்" என்று அந்த அம்மாள் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி சொன்னபோது, மைக்செட் பார்த்துக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கோயில் முன்னால் நல்ல கூட்டம். இன்பமணி முதல் கேள்வியைக் கேட்டாள்: "வலை வாங்கின பிறகு எப்படி இருக்குக்கா?"

இசபெல்லாவுக்கு மனப்பாடம் அத்தனையும் மறந்துவிட்டது.

"அதை ஏன் கேக்கிய! இந்த வலை வந்த நாள்ல இருந்து ஒரே பாடுதான். தாங்க முடியல!"

கூட்டம் சலசலத்தது. மேனேஜருக்கு முகம் செத்துவிட்டது.

"கஷ்டம்னு சொல்றாங்களே! ஆஃப் பண்ணுய்யா!" என்று என்மேல் சீறினார்.

நான் கடலோரமில்லாத நாசரேத்துக்காரன். எனக்கும் பாடு என்றால் மனிதன் படுகிற பாடுதான். கை சுவிட்சுக்குப் போய்விட்டது. இன்பமணி என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினாள். மேனேஜர் கண்ணெதிரிலேயே! இவள் வேலைக்கு உலை வைத்துக்கொண்டாள் என்றே நினைத்தேன். தாளில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டாள்.

"என்ன பாடுன்னு விவரமாச் சொல்லுங்கக்கா."

"மீன்பாடுதான், வேற என்ன? வள்ளம் கொள்ளாத சீலா மீனு! இறக்கி முடிக்கதுக்குள்ள கையி ஓஞ்சு போவுது. நம்பலன்னா எங்க ஆளுககிட்ட கேளுங்க!"

கூட்டத்தில் பாதிப் பேர் "ஆமா, ஆமா" என்றார்கள். கடற்கரையில் மீன் அகப்படுவதற்குப் பாடு என்று பெயர் என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. மைக்கை அணைப்பதற்குள் வலை விலை கேட்டுப் பத்துப் பேர் வந்துவிட்டார்கள்.

கூட்டம் கலைந்ததும் மேனேஜர் அவளைக் கூப்பிட்டார்.

"அந்த வார்த்தைக்கு அர்த்தம் முன்னாடியே தெரியுமாம்மா?"

"தெரியாது சார். சிரிச்சிக்கிட்டுல்லா சொன்னாவ. அதான் கேட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். நாங்கள் இரண்டு பேரும் இசபெல்லாவுக்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தோம். அந்தச் சிரிப்பை நாங்கள் பார்க்கவே இல்லை. வேலை நிரந்தரம் என்று அங்கேயே சொல்லிவிட்டார்.