தள்ளுவதா, இழுப்பதா

என் மனிசன் ஸியாம் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு வெறும் கையை முன்னுக்கும் பின்னுக்கும் ஆட்டுவதைப் பார்த்தால், ஆளுக்குக் கழன்றுவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"சோறு ஆறுது மச்சான், தின்னுங்க."

"றஸீனா, ஒருத்தனுக்கு வேகமாப் போகணும் எண்டா கை தள்ளுமா, இழுக்குமா?"

இதென்ன கேள்வி என்று எழும்பிப் போனேன். ஆனால் கறிச்சட்டியைக் கழுவும்போது என் கையும் ஆடிக்கொண்டிருந்தது. ஒன்றைப் பற்றி அரைகுறையாகக் கேள்விப்பட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. பிறவிக் குணம், மாறாது.

ஸியாமுக்கு ஓட்டமாவடியில் கராஜ். தானே கியர் மாற்றும் ஒட்டோ வாகனம் படுத்துவிட்டால் ஏறாவூரிலிருந்தும் இவரைத் தேடி வருவார்கள். கியர் எண்ணெயை இரண்டு விரலில் தேய்த்து, மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வாய் திறப்பார். மீன்காரனிடம் விலை பேசத் தெரியாது. சொந்தக்காரரின் கல்யாண வீட்டிலும் வெளியே நிற்கும் வாகனங்களைத்தான் சுற்றிக்கொண்டு நிற்பார். மகள் முப்லிஹா வாப்பாவின் போனுக்குள்ளேயே பாதி வளர்ந்துவிட்டாள் என்று நான் அழுத பிறகுதான் கட்டார் நாட்டு வேலையை விட்டுவிட்டு வந்தார்.

வந்தவர் சும்மா இருந்தாரா? யாரோ கைவிட்ட பழைய காரொன்றை இழுத்து வந்து, கார் ஓட்டப் போட்டிக்கு என்று, கராஜில் இடமில்லாமல் நம் வீட்டு வளவிலேயே உயிர் கொடுத்தார். வளைவு திருப்பம் ஒன்றுமில்லாத ஓட்டம் அது. நேர்ப் பாதையில் இரண்டு கார் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், கண்ணைக் கசக்கி முடிப்பதற்குள் ஒன்று வென்றிருக்கும். கார் முக்கால்வாசி தயாரான பிறகு ஒருநாள் சாதாரணமாகச் சொன்னார்: "அத்தன சனத்துக்கு முன்னால இந்த இஞ்சின் வெடிச்சா, பிறகு என்ட கையில ஆரும் வாகனம் தரமாட்டாங்க. கட்டார்ல இப்பவும் கூப்பிர்ராங்க. போறதத் தவிர வேற வழியில்ல."

அன்றிலிருந்து அந்த இஞ்சின் எனக்கு இன்னொரு பிள்ளை மாதிரி ஆகிவிட்டது.

கார் ஓட்டுவதற்குக் கிரானிலிருந்து நிதுர்ஷன் வந்தான். வயல் வட்டைகளில் நெல் வெட்டும் மெசின் ஓட்டுகிறவன், பயமறியாதவன். அவனுக்கும், அவன் அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் ஸியாமுக்கும்தான் இந்தத் தள்ளுவதா இழுப்பதா சண்டை. சாதாரண ஒட்டோ கார் தானே கியர் மாற்றிக்கொள்ளும். போட்டிக் காரில் அதன் மூளையைக் கழற்றி வேறொன்று போடுகிறார்கள். பிறகு கை மாற்றினால்தான் கியர் மாறும். அந்த மூளையில் இரண்டு வகை. ஒன்றில், கியர்த் தடியை முன்னுக்குத் தள்ளத் தள்ள ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறும். மற்றதில், நம் பக்கம் இழுக்க இழுக்க ஏறும். எதைப் போடுவது?

"எனக்குத் தள்ளுறதுதான் நானா சரி" என்றான் நிதுர்ஷன். "மெசின்ல தடியத் தள்ளினா ஓடும், இழுத்தா நிக்கும். வருசக் கணக்காப் பழகின கை. தள்ளுறதப் போடுங்க, வெண்டு காட்டுறன்."

"மூணுக்கு மேல ஒரு தள்ளுத் தள்ளிப்போட்டா கியர் கழண்டு இஞ்சின் அலறும், தம்பி."

"அதுக்கு ஒரு பூட்டுப் போடுங்களன்."

பூட்டுப் போடலாம்தான். ஸியாம் பழைய ஆசனமொன்றில் கியர்த் தடியைப் பொருத்தி, அவனை உட்காரவைத்துப் பழக்கினார். தள்ளும்போது அவன் கை தண்ணீராக ஓடியது. இழுக்கும்போது தடுமாறியது. தள்ளுவதையே போடுவோம் என்று இருவரும் முடிவுக்கு வந்த நேரம், நான் தேநீரோடு போனேன்.

எனக்கு ஒரு சந்தேகம் அரித்துக்கொண்டே இருந்தது. வேகமாகப் போக அவன் கை தள்ளும், சரி. பயந்தால்?

கேட்டால் "நான் பயப்படமாட்டன் அக்கா" என்பான். ஆகவே கேட்கவில்லை. அவன் தடியை இரண்டாம் கியருக்குத் தள்ளிய நேரம் பார்த்து, பின்னாலிருந்த தகரத் தட்டம் ஒன்றைச் சீமெந்து நிலத்தில் போட்டேன்.

அவன் துள்ளினான். கை தடியைப் பின்னுக்கு இழுத்துவிட்டிருந்தது. வயலில் மெசினுக்குக் குறுக்கே மயில் ஓடினாலும், பிள்ளைகள் ஓடினாலும் அந்தக் கை செய்கிற காரியம் அதுதான்.

"என்னக்கா, உயிரே போயிட்டு" என்றான்.

ஸியாம் என்னைத் திட்டவில்லை. தடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "இரண்டுல இருந்து ஒண்டுக்கு வந்திட்டாய்" என்றார். "அந்த வேகத்துல ஒண்டுக்கு வந்தா இஞ்சின் துண்டு துண்டாப் போகும்."

"இழுக்கிறதப் போட்டாலும் பயந்தா இழுப்பன்தானே நானா?"

"இழுப்பாய். கியர் நேரத்துக்கு முந்தி ஏறும். கார் சோர்ந்து போகும், தோத்துப் போவாய். ஆனா ஒண்டும் உடையாது." தடியை ஒருதரம் ஆட்டிப் பார்த்துவிட்டு, "பயத்துல இழுக்கிற இழுப்புக்குப் பூட்டுத் தாங்காது. பழக்கத்துல முன்னுக்குத் தள்ளாம மட்டும் நான் பூட்டுப் போடுறன். இழுக்கிறதுதான்" என்றார்.

நிதுர்ஷனுக்கு முகம் சுருங்கிவிட்டது. வெல்லக்கூடிய கையை வைத்துக்கொண்டு தோற்பதற்கா பழகுவது என்று முணுமுணுத்தான். அதிலும் நியாயம் இருந்தது. எனக்குப் பாவமாகவும் இருந்தது. ஆனால் வென்ற கிண்ணத்தை அவன் கொண்டுபோவான், உடைந்த இஞ்சினுக்கு என் மனிசன் அல்லவா விமானம் ஏறுவார்.

போட்டி நாளில் வெயில் மண்டையைப் பிளந்தது. முப்லிஹா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பச்சை விளக்கு எரிந்ததும் நம் கார்தான் முன்னே பாய்ந்தது. சனம் கத்தியது. அடுத்த கணம் பக்கத்துக் காரின் டயர் படீரென்று வெடித்து, அது நம் காரின் பக்கம் ஆடியது. எனக்குத் தட்டம் விழுந்த சத்தம்தான் ஞாபகம் வந்தது.

நம் கார் ஏங்கிப்போன மாதிரி மெதுவானது. மற்றவன் வெடித்த டயரோடு ஆடி ஆடியே எல்லையைத் தாண்டிவிட்டான். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

நிதுர்ஷன் தலையைத் தொங்கப்போட்டு இறங்கினான். "கை தானா இழுத்திட்டு நானா."

ஸியாம் காரின் முன்மூடியைத் திறந்து, ஓடிக்கொண்டிருந்த இஞ்சினுக்குப் பக்கத்தில் காதை வைத்தார். அது ஒரே சீராக உறுமிக்கொண்டிருந்தது. அவர் நிமிர்ந்து, நிதுர்ஷனின் வலக்கையைப் பிடித்து முத்தமிட்டார். அவன் கூச்சத்தில் கையை உருவிக்கொண்டான்.

வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த மஸ்கட் அல்வா முழுவதையும் நான் அங்கேயே வெட்டிக் கொடுத்தேன். தோற்ற வீட்டுக்காரி இனிப்புக் கொடுக்கிறாளே என்று சனம் பார்த்தது. பார்க்கட்டும். ஒரு மனிதர் பக்கத்தில் வந்து, தன் வேனின் கியர் இழுக்கிறது, எப்போது கொண்டுவரலாம் என்று ஸியாமிடம் கேட்டார்.

"நாளைக்குக் கொண்டு வாங்க" என்றார் ஸியாம். "நான் இஞ்சதான் இரிப்பன்."