கமலாம்பிகையின் இரண்டாவது குழல்

கமலாம்பிகையிடம் இருப்பது ஒரு துவக்கு, இரண்டு குழல். இதைக் கேள்விப்படும் சனம் முதலில் "துவக்கோ?" என்று நெஞ்சில் கை வைக்கும். மூச்சு வந்த பிறகு, "அது கிடக்கட்டும், ஏன் ரெண்டு குழல்?" என்று கேட்கும். அதற்கு அவள் ஒரு பதிலை ஆயத்தமாக வைத்திருக்கிறாள்.

"வீட்டில கிரைண்டர் ஒண்டுதானே? சம்பல் அடிக்க ஒரு கப், தூள் அடிக்க ஒரு கப் வைச்சிருக்கிறியள். அப்பிடித்தான் உதுவும்."

உண்மையில் விஷயம் அவ்வளவுதான். ஒரு குழல் ஆறரை மில்லிமீற்றர் குண்டுக்கு. மற்றது அதைவிடத் தடித்த குண்டுக்கு. சுடுகிறவர்கள் அதை முந்நூற்றெட்டு என்பார்கள். இரண்டு தோட்டாவுக்கும் அடிப்பக்கம் ஒரே பருமன். ஆகவே துவக்கின் மற்றப் பாகம் எதையும் தொடத் தேவையில்லை. ஒரு குழலைத் திருகிக் கழற்றி மற்றதைத் திருகிப் பூட்டினால், காலையில் ஒரு வகைப் போட்டி, பின்னேரம் வேறு வகைப் போட்டி.

அவளுக்கு ஐம்பத்தாறு வயது. கனடாவில், மார்க்கம் நகரத்தில், இயந்திர உறுப்புகள் கடையும் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாகத் தரம் பார்க்கிறவள். கடைந்து வரும் இரும்புத் துண்டுகளை அளந்து, தலைமயிரில் இருபதில் ஒரு பங்கு பிசகினாலும் சிவப்பு அட்டை கட்டி ஒதுக்கிவிடுவாள். ஒருமுறை முதலாளியே வந்து இந்த ஒரு பெட்டியை மட்டும் விடச் சொல்லிக் கெஞ்சினார். விடவில்லை. முதலாளி மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு நாலாம் நாள் கேக் வாங்கிக்கொண்டு வந்தார்.

துவக்குக்கு அவள் வந்ததும் அளவால்தான். அதே தொழிற்சாலையில் கடைசல் மெசின் ஓட்டும் அகஸ்ரின், மன்னார்ப் பிள்ளை, ஸ்ரௌவ்வில் என்ற ஊருக்கு வடக்கே ஒரு சுடும் கழகத்தில் அங்கத்தவன். அங்கே குழல் பூட்டும்போது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்காகச் சண்டை பிடிக்கிறார்கள் என்று சாப்பாட்டு நேரத்தில் ஒருநாள் சொன்னான். ஆயிரத்தில் ஒன்று என்றதும் இவளுக்குக் காது நிமிர்ந்துவிட்டது. அளவு பார்க்கப் போனவளை, ஒருக்காச் சுட்டுப் பாருங்கள் அக்கா என்று துவக்குக்குப் பின்னால் குப்புறப் படுக்க வைத்துவிட்டான்.

அவள் சத்தத்துக்குப் பயந்தவள். ஊரில் பத்தொன்பது வயதில் இரண்டு நாள் கட்டிலுக்குக் கீழே கிடந்து கேட்ட சத்தம் அது. கனடா தின வாணவேடிக்கைக்குக்கூட அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவாள். அன்று விசையை இழுத்தாள், வெடித்தது, அப்படியே கிடந்து அழுதாள். அகஸ்ரின் பதறிப்போனான்.

"இல்லை தம்பி, பயமில்லை," என்றாள். "இந்தச் சத்தம் நான் சொன்னாப் பிறகுதானே வந்தது."

லைசென்ஸ் விண்ணப்பத்தில் கணவர் கையொப்பம் வைக்க ஓர் இடம் இருந்தது. விநாயகமூர்த்தி முப்பது வருடம் நகர பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். காலையும் மாலையும் சாமிக்கு விளக்கு வைக்காமல் பச்சைத் தண்ணீர் குடிக்காதவர். அவருடைய அண்ணனைத் துவக்குத்தான் கொண்டுபோனது. யாருடைய துவக்கு என்பது இன்றைக்கும் தெரியாது. விண்ணப்பம் மூன்று கிழமை குளிர்சாதனப் பெட்டியின் கதவில் தொங்கியது. நாலாவது கிழமை கையொப்பம் வைத்தார். "என்ர கண்ணில காட்டக் கூடாது," என்று மட்டும் சொன்னார். அதன்பிறகு ஏழு வருடம் அவர் துவக்கு இருக்கும் பேஸ்மென்ற் பின்னறைக்குப் போகவில்லை, அதைப் பற்றிக் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மனைவி எங்கே என்று கோயிலில் கேட்டால், யோகாவுக்குப் போய்விட்டா என்பார்.

அந்த ஐப்பசி ஞாயிறு, கழகம் பனிக்கு மூட முன்பு வந்த கடைசிப் போட்டி நாள். வருகிற வருடம் ஒட்டாவாவில் நடக்கும் முந்நூற்றெட்டுப் போட்டிக்கு நாலு பேர் போகவேண்டும். மூன்று பேர் முடிவாகிவிட்டார்கள். நாலாவது இடத்துக்கு நீக்கிலாஸ் என்ற இன்னோர் அங்கத்தவர் போன கிழமையே சுட்டு அறுபத்தொன்பது புள்ளி எடுத்திருந்தார். பதினைந்து வெடி, வெடிக்கு ஐந்து, மொத்தம் எழுபத்தைந்து. கமலாம்பிகை எழுபது எடுத்தால் இடம் அவளுக்கு. அவளை வாழ்நாளில் எந்தக் குழுவுக்கும் ஒருவரும் தெரிவு செய்ததில்லை. பள்ளிக்கூட வலைப்பந்துக் குழுவில் தண்ணீர்ப் போத்தல் தூக்கினாள், அவ்வளவுதான். ஆகவே இந்த இடத்தை அவள் எவ்வளவு விரும்பினாள் என்பதைத் தனக்கே சொல்லிக்கொள்ள வெட்கப்பட்டாள்.

அவளுடைய கார் திருத்த வேலைக்குப் போயிருந்ததால் விநாயகமூர்த்திதான் தன் வான் வண்டியில் கொண்டுவந்து விட்டார். விட்டவர், தரிப்பிடத்தின் தொங்கல் மூலையில் வானை நிறுத்திக் கண்ணாடிகளை உயர்த்தித் தமிழ் வானொலியைச் சத்தமாகப் போட்டுக்கொண்டு உள்ளேயே இருந்துவிட்டார்.

காலையில் ஆறரைக் குழலால் சுட்டாள். மத்தியான இடைவேளை ஐம்பது நிமிடம். கொட்டகை மேசையில் தோட்டாவுக்குப் பின்னால் மூடும் போல்ற்றை வெளியே எடுத்துவைத்து, துவக்கை வைஸ் இடுக்கியில் இறுக்கி, சூடு ஆறிய குழலைத் திருகிக் கழற்றினாள். ஆறரைத் தோட்டாக்களைப் பெட்டியோடு அகஸ்ரினிடம் கொடுத்து அனுப்பினாள். குழல் மாறும்போது இரண்டு வகைத் தோட்டாவும் ஒரே மேசையில் இருக்கக் கூடாது என்பது அவள் சட்டம். புதுக் குழலின் புரிகளைத் துடைத்து, மெல்லிதாகக் கிறீஸ் பூசி, கையால் போகுமட்டும் திருகி, பிறகு இறுக்கத்தை எண்ணில் காட்டும் ஸ்பானரைப் போட்டு, சொன்ன எண் வந்ததும் நிறுத்தினாள்.

அடுத்தது கேஜ். தோட்டா வடிவில் இரண்டு உருக்குத் துண்டுகள். முதலாவதை வைத்தால் போல்ற் மூடவேண்டும். மூடியது. இரண்டாவது மயிரிழை நீளம். அதை வைத்தால் மூடக் கூடாது. மூடினால் தோட்டாவுக்குப் பின்னால் இடைவெளி இருக்கிறது என்று அர்த்தம்; வெடிக்கும்போது பித்தளைக் கோது கிழிந்து முகத்துக்கு வரலாம்.

மூடியது.

வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல மூடியது. கமலாம்பிகை திறந்து, திரும்ப மூடிப் பார்த்தாள். கோடையில் இதே குழல், இதே கேஜ், மூடவேயில்லை.

அகஸ்ரின் எட்டிப் பார்த்தான். "என்னக்கா?"

"பாஸ் இல்லை."

"எவ்வளவு?"

"எவ்வளவெண்டால் என்ன, பாஸ் இல்லாதது பாஸ் இல்லாததுதானே."

அவன் மணிக்கூட்டைப் பார்த்தான். "இருபத்தைஞ்சு நிமிசம் கிடக்கு. ஆறரையோட இந்தப் போட்டிக்கு விடமாட்டினம். ஏலாதெண்டால் சொல்லுங்கோ அக்கா, நீக்கிலாஸின்ர பேரை எழுதவேணும்."

"எழுதாதை. பொறு."

சொல்லிவிட்டு ஸ்பானரைத் திரும்ப எடுத்தாள். குழலைத் திரும்பக் கழற்றினாள். புரி முடிகிற இடத்தில் குழலைச் சுற்றி மட்டமான ஒரு வளையம் இருக்கிறது. அந்த வளையம்தான் துவக்கின் முகத்தோடு ஒட்டி உட்கார வேண்டும்; நடுவில் ஏதும் சிக்கினால் அந்தளவுக்குக் குழல் விலகி நிற்கும். அதன் மூலையில் நகத்தால் சுரண்டினாள். கிறீஸோடு சேர்ந்து ஏதோ மண்நிறமாக வந்தது. துருவா? விரலால் நசித்தாள், பொருபொருத்தது. மூக்கருகே கொண்டுபோனாள்.

கொட்டகை முழுக்க வெடிமருந்து மணம், எண்ணெய் மணம். அவள் விரலில் மட்டும் கோயில் மணந்தது.

கமலாம்பிகை அந்த விரலை நீட்டியபடியே தரிப்பிடத்துக்கு விறுவிறு என்று நடந்தாள். வானின் கண்ணாடியில் தட்டினாள். அவர் வானொலியைக் குறைத்துக் கண்ணாடியை இறக்கினார்.

"மணந்து பாருங்கோ."

மணந்தார். முகம் மாறிவிட்டது. "சந்தனம்," என்றார்.

"அது எனக்கும் தெரியும். எப்பிடி என்ர குழலுக்கு வந்தது?"

"ஆயுத பூசைக்கு..." என்று இழுத்தார். "வாஷிங் மெசினுக்கு வைச்சன். ஸ்னோ தள்ளுற மெசினுக்கு வைச்சன். உம்மட தையல் மெசினுக்கும் வைச்சன். துவக்கு பெட்டிக்குள்ள பூட்டிக் கிடந்தது. இது மட்டும் தட்டில தனியக் கிடந்தது. விட்டிட்டு வர மனம் கேக்கேல்லை."

"பொட்டு வைக்க வேறை இடம் கிடைக்கேல்லையே? ரெண்டடிக்கு மேல வழவழ எண்டு இடம் கிடக்கு!"

"அந்தப் புரிக்குக் கிட்ட மட்டமா ஒரு வளையம் இருந்துது. அதுதான் நெத்தியாக்கும் எண்டு நினைச்சன். பிறகு நீர் பேசுவீர் எண்டு விடியத் துடைச்சுப்போட்டன்."

"துடைச்ச லட்சணம்! சாமி வரம் குடுத்தாலும் பூசாரி விடமாட்டான் எண்டு உங்களைத்தான் சொன்னவை."

இன்னும் நிறையப் பேச வாயில் இருந்தது. அவர் அவளைப் பார்க்காமல் ஸ்ரியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏழு வருசம் அந்த அறைப் பக்கம் போகேல்லை," என்றார். "நீர் ஒவ்வொரு ஞாயிறும் உங்கை வந்து திரும்பிற மட்டும் நான் ஒண்டும் சாப்பிடுறதில்லை. தெரியுமோ உமக்கு? அண்டைக்குத்தான் கீழ போய்க் கும்பிட்டன். அண்ணனைக் கொண்டுபோனது காணும், இவவை ஒண்டும் செய்துபோடாதை எண்டு அதிட்டைக் கேட்டனான்."

கமலாம்பிகைக்குத் தெரியாது. அவர் விரதம் பிடிக்கிற மனுசன், ஞாயிறும் ஒரு விரதமாக்கும் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தாள். அவளைக் காப்பாற்ற வைத்த பொட்டுத்தான் அவள் முகத்தைக் கிழிக்கப் பார்த்தது என்பதைச் சொல்ல வாய் வரவில்லை. ஆத்திரம் போன இடம் தெரியவில்லை. அழுகை வந்தது, அழ நேரம் இல்லை.

"எத்தினை பொட்டு வைச்சனீங்கள்?"

"மூண்டு."

"எங்கையெங்கை எண்டு ஞாபகம் இருக்கோ?"

"ஏன் இல்லாமல்?"

"அப்ப இறங்குங்கோ. ரோச் பிடிக்க ஆள் வேணும்."

அவர் வானொலியை நிறுத்தினார். பிறகு இறங்கினார்.

கொட்டகையில் அவர் ரோச் வெளிச்சத்தை வளையத்தில் பிடித்தார், அவள் பழைய பல்துலக்கியில் குழல் துடைக்கும் திரவத்தைத் தொட்டுத் தேய்த்தாள். ஒன்று போனது. இரண்டாவதும் போனது. அவள் பார்வைக்கு எல்லாம் பளிச்சென்று இருந்தது, துணியை எடுத்தாள். அவர் விடவில்லை.

"பொறும். இஞ்சாலை ஒண்டு கிடக்கவேணும். குங்குமம் கொஞ்சம் கூடப் போட்டது இதுக்குத்தான்."

கிடந்தது. கிறீஸுக்குள் மறைந்து, புரியோடு புரியாக, அவள் கண்ணுக்கே தப்பி. இருபத்திரண்டு வருடம் தரம் பார்த்தவள் குனிந்து அதையும் தேய்த்தாள்.

திரும்பப் பூட்டினாள், இறுக்கினாள். முதல் கேஜுக்கு மூடியது. இரண்டாவதை வைத்து, "நீங்கள் மூடிப் பாருங்கோ," என்றாள். அவர் சாமியறைக் கதவைத் தொடுவதுபோல இரண்டு விரலால் போல்ற்றை அமர்த்தினார். பிறகு கொஞ்சம் பலமாக அமர்த்தினார்.

"மூடுதில்லையே! பழுதாக்கிப்போட்டனோ?"

"மூடாட்டித்தான் பாஸ்," என்றாள் கமலாம்பிகை. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

குழல் மாறினால் குறியும் மாறும். கொப்பியில் முந்நூற்றெட்டுக்கென்று கோடையில் எழுதிவைத்த எண்களை ஸ்கோப்பில் திருப்பிக்கொண்டு போய்ப் படுத்தாள். கணக்கில் சேராத இரண்டு வெடி தருவார்கள். முதலாவது இடப்பக்கம் கீழே போனது, குளிர்க் காற்றின் வேலை. திருத்தினாள். இரண்டாவது நடுவில். அறுநூறு கஜ தூரத்தில் உள்ள அட்டையை விட்டால் உலகத்தில் வேறொன்றும் இருக்கவில்லை. ஆறாவது வெடியில் காற்று ஏமாற்றி மூன்று புள்ளி தந்தது. பிறகும் மூன்று நாலுகள். பதினாலு வெடி முடிய அறுபத்தைந்து. கடைசி ஐந்தாக இருந்தால் எழுபது. நாலென்றால் நீக்கிலாஸும் அவளும் சமன், முதலில் சுட்டவருக்கே இடம்.

காற்றைக் காட்டும் கொடி படபடத்தது. நேரம் ஓடியது. பதறாத காரியம் சிதறாது என்று தனக்குச் சொல்லிக்கொண்டு கொடி படுக்குமட்டும் காத்திருந்தாள். படுத்தது. சத்தம் அவள் சொன்னபோது வந்தது.

ஐந்து.

எழும்பித் திரும்பினாள். சுடும் கோட்டுக்குப் பின்னால், அகஸ்ரினுடைய காதுமூடியைப் போட்டுக்கொண்டு விநாயகமூர்த்தி நின்றார். அவர் வானுக்குள் போயிருப்பார் என்றுதான் நினைத்திருந்தாள். முகம் வெளிறியிருந்தது. இரண்டு கையையும் ஜக்கெற் பொக்கற்றுக்குள் விட்டு இறுக்கிப் பிடித்திருந்தார்.

"எல்லாத்துக்கும் நிண்டவர் அக்கா," என்றான் அகஸ்ரின். "ஒவ்வொரு வெடிக்கும் துள்ளினார். போங்கோ அண்ணை எண்டு சொல்லியும் போகேல்லை."

அவன் பலகையில் நாலாவது பெயரை எழுதினான். எழுதிவிட்டுக் கேட்டான்: "வாற ஆவணி, ஒட்டாவா. ஐஞ்சு மணித்தியால ஓட்டம். ஆரோட வரப்போறியள்?"

அவள் பலகையில் தன் பெயரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். விநாயகமூர்த்தி ஒரு பக்கக் காதுமூடியை மட்டும் விலக்கி வைத்திருந்தார். தன் குரல் எவ்வளவு உயர்ந்தது என்று அவருக்கே தெரியவில்லை. கொட்டகையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆரோட எண்டால்? முப்பது வருசம் பஸ் ஓட்டினவன் நான் நிக்கிறன். நான்தான் கூட்டிக்கொண்டு வருவன். இப்ப ஒருக்கா வீட்டை போவம், கமலம். எனக்குப் பசிக்குது."